பட்டாலை தாண்டாத வைஃபையும் 94-ல் நின்ற எண்ணும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அடுப்படியில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று போனில் வைஃபை வேகம் பார்த்தேன். 186 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினேன். 183. பதினெட்டு நாளாக ஏணியும் கையுமாக அலைந்ததெல்லாம் இந்த எண்ணைப் பார்க்கத்தான். கை சூட்டோடு எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் போனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்கே மறந்துவிடும்.

வீட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வகை. முகப்பு (முன்கூடம்), பட்டாலை (அடுத்த கூடம்), வளவு (நடுவில் முற்றம், சுற்றித் தூண்கள்), இரண்டாங்கட்டு (அதற்கடுத்த கட்டு), கடைசியில் அடுப்படி. எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசல் தெரியும். டேப் வைத்து அளந்தேன், முன்நிலையிலிருந்து பின்நிலைக்கு 48 மீட்டர். உள்சுவரின் கனம் 22 அங்குலம். செங்கல், சுண்ணாம்பு, அதன்மேல் கண்ணாடி மாதிரி வழவழக்கும் பழைய முட்டைப் பூச்சு. வீட்டில் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பங்கு. பொதுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மற்ற பதினோரு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதனால் டிரில் மிஷினைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. உட்காரும் அறை இரண்டாங்கட்டில் வலப்பக்கம். ஃபைபர் இழுக்க வந்த தம்பி முகப்போடு நின்றுவிட்டார். "இதுக்கு மேல உள்ள கொண்டுபோக எங்களுக்கு ஆர்டர் இல்லண்ணே." சரி. ஓஎன்டி பெட்டியை (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுவது, ரூட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது) முகப்பில் பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால், மர பீரோவின் தலைமேல் வைத்துவிட்டுப் போனார். 200 எம்பிபிஎஸ் திட்டம். அவர் முகப்பில் நின்று போனில் சோதித்துக் காட்டியபோது 178 வந்தது. அப்பச்சிக்கு அதிலேயே ஒரு சந்தேகம். "200-ன்னு சொன்னான், டவுன்லோடு பண்ணா 22-ன்னு காட்டுதே, ஏமாத்துறானோ?" திட்டத்தில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 200 என்பது 25. அவர் ஏமாற்றவில்லை என்று சொன்னேன். அப்பச்சி முழுசாக நம்பவில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் இருக்கிறதை அளந்து எழுதிவைத்தேன். இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான். அப்பச்சியின் பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம். லேப்டாப்பை ஓஎன்டியில் நேராக ஒயர் போட்டுச் சொருகினால் 204. ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஃபைபரில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 21 டிபிஎம் (பலத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் பலம் அதிகம்). மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் கவலை. ஆக, தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவது சரியாகத்தான் வருகிறது. இனி என்ன கோளாறு என்றாலும் அது வீட்டுக்குள்தான். அப்புறம் போனை வைத்துக்கொண்டு நடந்தேன். பட்டாலையில் 38. வளவில் தூணுக்குத் தூண் மாறி 9-லிருந்து 20 வரை. என் அறையில் 2, சில நேரம் 3. அடுப்படியில் சுத்தமாக இல்லை. வைஃபை சிக்னல் அளவை ஒரு செயலியில் பார்த்தேன், அதுவும் டிபிஎம்-தான். முகப்பில் மைனஸ் 44, என் அறையில் மைனஸ் 86. மைனஸ் 70-க்குக் கீழே போய்விட்டால் வீடியோ காலில் முகம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பிக்கும். 86-ல் வாட்ஸ்அப் செய்தியே ஒற்றை டிக்கோடு நிற்கும்.

ஒரு வேடிக்கையும் பார்த்தேன். கதவெல்லாம் திறந்திருந்தால், வாசல்கள் வரிசையாக நிற்கும் அந்த நேர்கோட்டில் சிக்னல் கடகடவென்று உள்ளே வருகிறது. கோட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றால் போச்சு. ராத்திரி தேக்குக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டதும் அதுவும் இல்லை.

முதல் திருத்தம் காசில்லாதது. கண்ணாடியில் முகம் தெரிவதே பின்னால் பூசியிருக்கும் உலோகத்தால்தான். ரேடியோ அலைக்கு அது சுவர். பெட்டியை அதன் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பாதித் திசை அடைபட்டுப்போகும். எடுத்து எதிர்ப்புற மாடத்தில், பட்டாலை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பட்டாலையில் 38 இருந்தது 71 ஆனது. வளவில் 30 பக்கம் வந்தது. என் அறையில் அதே 3.

ஏன் அங்கே மட்டும் ஏறவில்லை என்பது ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் அப்பத்தா சொல்லி. முகப்பிலிருந்து என் அறைக்கு ஒரு கோடு போட்டால் அது நேராகச் சாமான் அறைக்குள்ளே போகிறது. அப்பத்தாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, அத்தைமார் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய எவர்சில்வர் தூக்குகள், பர்மாவிலிருந்து கப்பலில் வந்த எனாமல் அடுக்குகள், இன்னும் பிரிக்காத சாக்கு மூட்டைகள், எல்லாம் உத்தரம் வரை. "அந்த ரூமுக்குள்ள எலியே போகாது, உன் காத்து எப்படிப் போகும்?" என்றார் அப்பத்தா. எனாமலும் உள்ளே இரும்புத் தகடுதான். 22 அங்குலச் சுவர் இரண்டு, நடுவில் ஓர் அறை நிறைய உலோகம். இதைத் தாண்டி வர எந்த ஆன்டெனாவாலும் முடியாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்கினேன் பாருங்கள், அதுதான் முதல் தண்டச் செலவு. 1,150 ரூபாய். சுவர் பிளக்கில் சொருகினால் போதும், ஒயரே வேண்டாம் என்ற ஆசை. வளவில் ஒரு பிளக்கில் மாட்டினேன். என் அறையில் வைஃபை கோடு முழுசாக நின்றது. சோதித்தால் 14. கோடு காட்டுவது எனக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள தூரத்தை. ரிப்பீட்டருக்கு முகப்பிலிருந்து வருவதே 30. அதையும் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி அங்கேயே போய்விடும். குழாய் புத்தம் புதுசு, தண்ணீர் மட்டும் சொட்டுகிறது என்கிற கதை. நாலு நாள் அதன் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். 19-க்கு மேல் தாண்டவில்லை. இப்போது அது மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

ஒயர்தான் என்று ஆனபின், காரைக்குடிக்குப் போய்ச் செக்காலை ரோட்டில் கேட் 6 என்கிற நெட் கேபிள் வாங்கினேன். வெளியில் போடுகிற கருப்பு உறை கொண்டது, மீட்டர் 24 ரூபாய், 65 மீட்டர். விலை குறைவாக, உள்ளே அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுக் கொடுத்த கேபிளும் இருந்தது. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாக மின்னும். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடவே கிரிம்பர் (ஒயரில் முனையை அழுத்திப் பொருத்தும் இடுக்கி) 450, எட்டு விளக்கு டெஸ்டர் 180, முனைகள் (ஒயர் நுனியில் போடும் பிளாஸ்டிக் பிளக்) பத்து 80, கருப்பு கேபிள் டை ஒரு கட்டு 120, அடுப்படிப் பக்கத்துக்கு ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ரூட்டர் 1,900. வெள்ளை டை வெயிலில் ஆறு மாதத்தில் நொறுங்கும், கருப்பு வாங்குங்கள் என்று கடைக்காரரே சொன்னார்.

ஒயர் போகும் வழியைப் பிடிக்க ஒரு நாள் ஆனது. சுவரைத் துளைக்காமல் போக வேண்டும். முகப்பிலிருந்து பட்டாலைக்கு நிலைக்கு மேலுள்ள காற்றுச் சாளரம். பட்டாலையிலிருந்து வளவுக்கும் அப்படியே. வளவில் ஓட்டுச் சரிவுக்கு அடியில் மரச்சட்டத்தை ஒட்டிப் போய், முற்றத்துக்கு மேலே திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து போட்டிருக்கும் இரும்புக் கம்பிகளில் டை போட்டு எதிர்ப்பக்கம் கடந்து, இரண்டாங்கட்டுச் சாளரம் வழியாக உள்ளே. இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் சின்ன நடையில் ரூட்டர். அங்கிருந்து ஒரு பக்கம் என் அறை, மறு பக்கம் அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஏணியைப் பெயின்டர் ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். அதன் இரும்புக் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் ஆத்தா வளவுக்குள் விட்டார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் அதே பூவில் இன்னொரு கல் கிடைக்காது. மேல்நுனியில் பழைய வேட்டியைச் சுற்றினேன், தூணின் பாலிஷுக்காக. ஏற்றம் இறக்கமெல்லாம் சேர்த்து 56 மீட்டர் ஆனது. இந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

ஒயரை மாட்டியதும் வீட்டில் இருந்த நெட்டும் போனது. அப்பச்சியின் டிவி நின்றது, ஆத்தாவின் போனில் வைஃபை அடையாளத்துக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி. நான் புது ரூட்டரை அப்படியே பெட்டியிலிருந்து எடுத்து, லேன் துளையில் சொருகியிருந்தேன். அதன் முகவரியும் 192.168.1.1, முகப்பில் இருப்பதன் முகவரியும் 192.168.1.1. இரண்டும் வருகிறவர்களுக்கெல்லாம் முகவரி வழங்குகின்றன. ஊருக்கு இரண்டு நாட்டாமை. யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் போன்களெல்லாம் திணறின. ஒரு மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகு புது ரூட்டரைத் தனியாக லேப்டாப்பில் மாட்டி, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபி-யை (முகவரி வழங்கும் வேலையை) அணைத்தேன். எல்லாம் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் பார்த்தால் அதே அமைப்புப் பக்கத்தில் அக்சஸ் பாயின்ட் (முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தருவது) என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இந்த இரண்டு வேலையையும் அதுவே செய்திருக்கும்.

இனிதான் தலைப்பில் சொன்ன 94. என் அறையில் வேகம் பார்த்தேன். 3-லிருந்து 93.6. அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் ஆத்தாவிடம் சொல்லிப் பால் பணியாரம் போடச் சொன்னேன். பணியாரம் தின்றுகொண்டே மறுபடி பார்த்தேன். 94.1. காலையில் 93.8. ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊரே டிவி பார்க்கிற நேரத்திலும் 93.9. அங்கேதான் இடித்தது. வைஃபை எண் இப்படி நிற்காது, ஆள் குறுக்கே நடந்தாலே பத்து இருபது ஆடும். லேப்டாப்பைப் பின் ரூட்டரில் ஒயரில் மாட்டினாலும் 94. முகப்பில் 204.

கம்பெனி இரவில் வேகத்தைக் குறைக்கிறதோ என்று முதலில் ஒரு யோசனை. அதுதான் இல்லையே, முகப்பில் ஒழுங்காக வருகிறதே. நெட்டையே நடுவிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்பச்சியின் பழைய டெஸ்க்டாப்பை முகப்பில் ஓஎன்டியோடு மாட்டி, அதில் ஐபெர்ஃப்3-ஐ (இரண்டு கணினிக்கு நடுவில் வேகம் அளக்கும் நிரல்) கேட்கும் பக்கமாக ஓடவிட்டேன். பின்னால் என் லேப்டாப்பிலிருந்து அதை அழைத்தேன். வீட்டுக்குள்ளேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெறும் ஒயர் வேகம். இதில் இணையத்துக்கு வேலையே இல்லை. 94. குற்றவாளி ஒயர்தான்.

100 எம்பிபிஎஸ் இணைப்பில் தலைப்புச் சுமையெல்லாம் (ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரிக் குறிப்புகள்) போகக் கைக்கு வருவது 94 பக்கம். கிகாபிட் என்றால் 940 பக்கம். கேபிளுக்குள் நாலு ஜோடி, எட்டு இழை. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நாலு இழை போதும். மற்றதில் ஒன்று அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் கமுக்கமாக 100-க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். எந்த விளக்கும் சிவப்பாக எரியாது. எரிந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன்.

180 ரூபாய் டெஸ்டர் பிரிக்காமல் கிடந்தது. வெட்கம்தான். முனை போட்டதும் சோதிக்கத்தானே வாங்கினேன்? இரண்டு முனையிலும் மாட்டி விளக்கைப் பார்த்தேன். 1, 2, 3, 4, 5, 6, ஒரு இருட்டு, 8. ஏழாவது இழை, வெள்ளைப் பழுப்பு. அடுப்படிப் பக்க முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன். மறுபடி ஏழு இருட்டு. அணில் கடித்திருக்குமோ என்று ஏணியில் ஏறி முற்றத்துக் கம்பி முழுக்கத் தடவிப் பார்த்தேன். கடியும் இல்லை, கீறலும் இல்லை. அரை நாள் போனது.

கடைசியில் முகப்புப் பக்க முனையைக் கழற்றி, முற்றத்து வெயிலில் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். முனை கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே ஏழு இழையின் செம்பு நுனியும் கடைசிச் சுவரில் மோதிப் பளபளவென்று நிற்கிறது. வெள்ளைப் பழுப்பு மட்டும் ஒரு நெல்மணி தூரம் பின்தங்கி நிற்கிறது. மேலேயிருந்து இறங்கிய பித்தளைப் பல் ஒன்றுமில்லாத இடத்தைக் கடித்திருக்கிறது. நான்தான், அவசரத்தில், இழைகளை ஒரே நீளமாக வெட்டாமல் சொருகியிருக்கிறேன்.

வெட்டினேன். இம்முறை அவசரப்படவில்லை. உறையை ஓர் அங்குலத்துக்கு மேலேயே உரித்து, முறுக்கை நீவிவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடித்து, அரை அங்குலம் மட்டும் விட்டு ஒரே வெட்டு. முனைக்குள் தள்ளி, நுனிகளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளி. கருப்பு உறையும் முனைக்குள் கொஞ்சம் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் கிரிம்பர். நறுக். டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரிந்தது. ஐபெர்ஃப்3-ல் 936.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முன்பெட்டிக்குச் சேனல் 1, பின்பெட்டிக்கு 11 கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பெட்டி 6-ல் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 36-உம் 149-உம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நடந்து போகும்போது போன் முகப்புப் பெட்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. முன்பெட்டியின் 2.4 திறனை நடுத்தரத்துக்கு இறக்கியதும் வளவு தாண்டும்போது மாறிக்கொள்கிறது.

கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் போகும் என்பது முதல் மின்வெட்டில்தான் ஞாபகம் வந்தது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டு, ஒன்று 1,250. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும். முகப்பில் உள்ளது 1 ஆம்ப், பின்னால் உள்ளது 1.5. வேலை செய்தவை மட்டும் மொத்தம் 6,790 ரூபாய். ரிப்பீட்டரையும் சேர்த்தால் 7,940.

மறுபடி செய்வதாக இருந்தால் முற்றத்தைக் கடக்கும் இடத்தில் செம்பு ஒயர் போடமாட்டேன். இரண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (செம்பு ஒயரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) வைத்து ஃபைபர்தான். ஐப்பசி இடிமின்னலில் வானம் பார்த்த இடத்தைக் கடந்து 56 மீட்டர் செம்பு ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதைக்கு இடி இடித்தால் ஓடிப்போய் இரண்டு முனையையும் பிடுங்கி வைக்கிறேன். டெஸ்டரையும் முதல் முனை போட்ட அன்றைக்கே பிரிப்பேன்.

மேல்மாடி இன்னும் பாக்கி. அங்கே 9 தான் வருகிறது, விசேஷத்துக்கு வந்து தங்குகிறவர்கள் திட்டுவார்கள். 65 மீட்டரில் மிஞ்சிய ஒன்பது மீட்டரை அதற்காகச் சுருட்டி அடுப்படி ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால் பின்கட்டில் அப்பத்தாவின் சேலை காய்கிறது. "நல்லா வழுவழுன்னு இருக்குப்பா, துரு பிடிக்காதுல்ல?" என்று கேட்கிறார். பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். செக்காலை ரோட்டுக்கு இன்னொரு நடை போக வேண்டும்.